தலைக்கட்டு, கசர், அணையாத அடுப்பு: கடலூர்ப் பக்கத்தில் ஊர்ப் பணம் நிற்கும் விதம்

எங்கள் கடலூர்க் கரையோர ஊர்களில் தீமிதியைப் பார்க்கக் கூட்டம் கூடும். ஆனால் திருவிழா முடிந்து சில நாள் கழித்துக் கோயில் வாசலில் பாய் விரித்து நடக்கும் கணக்குக் கூட்டத்துக்கு வெளியூரார் யாரும் வருவதில்லை. பந்தலுக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு, கூத்துக்காரர்களுக்குப் பேசியது இவ்வளவு, வழியனுப்பும்போது சேர்த்துக் கொடுத்தது இவ்வளவு என்று ஒருவர் நோட்டைப் பார்த்து வாசித்துக்கொண்டே போவார். ஜெனரேட்டருக்கு ஊற்றிய டீசல்வரை வரும். அந்த இடத்தில் யாராவது எழுந்து, "மூணாம் நாள் ராத்திரி கரண்ட் இருந்துச்சே, அப்புறம் எதுக்கு டீசல்?" என்று கேட்பார். கேட்டவரை யாரும் உட்காரச் சொல்ல மாட்டார்கள். பதில் வந்த பிறகுதான் அடுத்த வரி.

சிறுவனாக இருந்தபோது எனக்கு இந்தக் கூட்டம் பெரும் சலிப்பு. இன்று திருவிழாவின் மிக வலுவான பகுதி அதுதான் என்று நினைக்கிறேன். சாதாரண மக்கள் தங்கள் கையில் இருக்கும் சொற்பத்தைச் சேர்த்துப் பெரிய காரியம் செய்வதைப் பற்றிப் பேசும்போது, நாம் உடனே இரக்கம், தாராள மனம் என்று பேச ஆரம்பிக்கிறோம். மனம் வேண்டும்தான். மனம் ஒரு மாதம் ஓடும், ஒரு புயல்வரை ஓடும். நூறு வருடம் ஓட வேண்டுமென்றால் அதற்கு வேறொன்று தேவை: யார் எவ்வளவு தர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும், போன இடமும் எல்லோருக்கும் தெரிய வேண்டும். கடலூர், புதுச்சேரி இரண்டிலும் நீடித்து நின்ற பொதுப் பணங்களைப் பார்த்தால் இது தெளிவாகத் தெரிகிறது. கவிழ்ந்தவற்றைப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

தலைக்கட்டிலிருந்து தொடங்கலாம். மீனவ ஊரில் கல்யாணமாகித் தனி உலை வைத்துவிட்டால் அந்த ஆண் ஒரு தலைக்கட்டு. அன்றிலிருந்து ஊர் வரி அவன் பேரில் விழும். பெரிய விசைப்படகு வைத்திருப்பவனும் ஒரு தலைக்கட்டு, அடுத்தவன் படகில் பங்குக்குப் போகிறவனும் ஒரு தலைக்கட்டு. திருவிழா வரி இருவருக்கும் ஒன்றே. வருமானத்துக்கு ஏற்ப வாங்குவதுதானே நியாயம் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். ஊர் அப்படிப் பார்ப்பதில்லை. சமமாகக் கொடுத்தவன் சமமாகக் கேள்வி கேட்கலாம் என்பதுதான் இதற்குள் இருக்கும் கணக்கு. டீசலைப் பற்றிக் கேட்டவர் பெரும்பாலும் சொந்தப் படகு இல்லாதவராகத்தான் இருப்பார். பெரிய கைகளிடம் கூடுதலாக வாங்க வேண்டியிருந்தால் அதற்கு வேறு வழி உண்டு. சில ஊர்களில் கரையில் நடக்கும் மீன் ஏலத்தில் ஊருக்கென்று ஒரு சிறு பங்கு விழும். அதிகம் பிடித்தவனிடமிருந்து அதிகம் வரும்.

இந்தப் பணம் அம்மனுக்கு மட்டும் போவதில்லை. கடலில் காணாமல்போன படகைத் தேடப் போகிறவர்களுக்கு டீசல், வலை அறுத்த தகராறில் வக்கீலுக்குக் கட்டணம், பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர், கலெக்டர் அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போகும் வேனுக்கு வாடகை என எல்லாம் இதிலிருந்துதான். எந்தக் காப்பீட்டுக்காரரும் எட்டிப் பார்க்காத காலத்திலிருந்தே இந்த ஊர்களின் காப்பீடு இதுதான்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது இந்த அமைப்பின் இரண்டு முகங்களும் ஒரே வாரத்தில் வெளியே தெரிந்தன. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு, சாமியார்பேட்டை, புதுக்குப்பம் என்று கரையோரம் முழுக்க ஒப்பாரி. லாரி லாரியாகப் பொருள் வந்து இறங்கியது. அரிசி, பாய், பாத்திரம், நாலு மாநிலத்துப் பழைய துணி. யாருக்கு எதைக் கொடுப்பது என்று வந்தவர்களுக்குத் தெரியவில்லை. ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தெரிந்தது. வந்த பொருளை எல்லாம் ஓரிடத்தில் இறக்கி, தலைக்கட்டுக் கணக்கைப் பார்த்துச் சமமாகப் பிரித்தார்கள். பல ஊர்களில் படகுகளையும் அப்படியே. ஒருவருக்குப் படகு கிடைத்து அடுத்த வீட்டுக்காரருக்குக் கிடைக்காமல் போனால் ஊர் உடையும் என்று, கூட்டாகப் பங்கு போட்டார்கள். அரசிடம் பட்டியல் தயாராகும் முன்பே ஊரிடம் பட்டியல் இருந்தது. ஆண்டாண்டாக வரி வசூலித்ததால் வந்த பட்டியல் அது.

அதே பட்டியல்தான் சிலரை விட்டும்விட்டது. தலைக்கட்டு என்றால் ஆண். கணவனை இழந்த பெண்ணுக்குப் பல ஊர்களில் வரி பாதி, அல்லது வரியே இல்லை. கேட்கச் சலுகை போல இருக்கும். வரி கட்டாதவருக்குக் கூட்டத்தில் பேச்சில்லை என்பதையும், பங்கு என்று வரும்போது பேர் கடைசியில் வரும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தச் சலுகையின் விலை புரியும். சுனாமிக்குப் பிறகு ஒரே நாளில் எத்தனையோ பெண்கள் இந்த நிலைக்கு வந்தார்கள். ஊருக்கு வெளியே இருந்த தலித் குடும்பங்களும், கிள்ளை, பிச்சாவரம் பக்கத்துக் கழிமுகத்தில் கையால் துழாவி இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர்களும் எந்த மீனவ ஊரின் கணக்கிலும் இல்லை. அவர்களுடைய வலையும் பாத்திரமும்கூட அதே தண்ணீரில்தான் போயின. கூட்டுப் பணத்தைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக் கூடாது. ஒரு பொதுப் பெட்டி யாரை உள்ளே எண்ணுகிறதோ அவர்களைத்தான் காக்கும். எண்ணும் முறையை மாற்றாமல் பெட்டியை மட்டும் பெரிதாக்கினால் வெளியே நிற்பவருக்கு ஒன்றும் வராது.

எண்ணப்படாத பெண்கள் தங்களுக்கென்று ஒரு கணக்கை வைத்திருந்தார்கள். அது அடுப்படியில் இருந்தது.

கடலூர் முதுநகரில் எங்கள் தெருவில் அம்மா பல வருடம் சீட்டு நடத்தினார். நாற்பது பக்க நோட்டு, நீல மை, ஒவ்வொரு பேருக்கும் நேரே மாதவாரியாகக் கட்டம். ஏலச்சீட்டு எப்படி ஓடுகிறது என்பதை எண்ணில் சொன்னால்தான் விளங்கும். 20 பேர், ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய், 20 மாதம். மாதம் சேர்வது 1,00,000. வீட்டுச் சீட்டில் முதல் மாதத் தொகையைத் தள்ளுபடி இல்லாமல் நடத்துகிறவர் எடுத்துக்கொள்வார்; அதுதான் அவருடைய கூலி. இரண்டாம் மாதம் ஏலம். ஒரு வீட்டில் மகளுக்குக் கல்யாணம், அவசரம். அவர் 25,000 ரூபாய் தள்ளி எடுக்கிறார் என்று வையுங்கள். அவர் கைக்கு 75,000 வரும். தள்ளிய 25,000தான் கசர். அதை இருபதால் வகுத்தால் ஆளுக்கு 1,250. ஆகவே அந்த மாதம் எல்லோரும் 5,000க்குப் பதில் 3,750 கட்டினால் போதும். அவசரக்காரருக்கு அடமானம் இல்லாமல் கடன் கிடைத்தது. அவசரமில்லாதவருக்கு வட்டி கிடைத்தது. கடைசிவரை காத்திருப்பவர் ஏலம் கேட்க வேண்டிய தேவையே இல்லை, முழுத் தொகையும் அவருடையது. தெருவில் உள்ள இருபது பேரே வங்கியாகவும் வாடிக்கையாளராகவும் இருக்கிறார்கள், வட்டியும் தெருவுக்குள்ளேயே சுற்றி வருகிறது. அவசரமே இல்லாத தெருவாக இருந்தால் குலுக்கல் சீட்டு. பேர் எழுதிய துண்டுகளை டம்ளரில் போட்டுக் குழந்தையை எடுக்கச் சொல்வார்கள்.

இதன் பலவீனமும் இதே அமைப்பில்தான் இருக்கிறது. சீட்டு எடுத்தவர் மறுமாதம் கட்டாமல் நின்றால், அந்தக் கட்டத்தை நடத்துகிறவர்தான் தன் கையிலிருந்து நிரப்ப வேண்டும். அம்மா இரண்டு முறை நிரப்பினார். ஒரு முறை வளையலை விற்று. அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை, நோட்டில் அந்தக் கட்டங்களில் மை நிறம் வேறாக இருப்பதைப் பார்த்து நான்தான் பின்னாளில் கேட்டேன். இருபது பேர் என்பது தற்செயலான எண் இல்லை. எந்த வீட்டில் எந்த மாதம் வேலை இல்லை, யார் வீட்டில் குடி, யார் சொன்ன சொல் காப்பார் என்று ஒரு பெண்ணின் நினைவில் நிற்கக்கூடிய அளவு அது. அதே மனிதர் இருநூறு பேரைச் சேர்த்தால் அவருக்குத் தெரியாத முகங்கள் உள்ளே வந்துவிடும். நினைவு வேலை செய்யாத இடத்தில் நம்பிக்கை மட்டும் மிஞ்சும். தீபாவளிச் சீட்டு, பொங்கல் சீட்டு என்று மாதம் நூறும் இருநூறும் கட்டிக்கொண்டே வந்து, பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னால் பூட்டிய கதவைப் பார்த்து நின்ற குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. வெள்ளிக் குத்துவிளக்கும் இனிப்புப் பெட்டியும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தச் சீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதே எங்களில் யாருக்கும் தெரியாது. பணம் போனதைவிட அந்தத் தெரியாமைதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

சட்டம் என்ன செய்கிறது? இந்தியாவில் சீட்டு நிதிச் சட்டம் 1982இல் வந்தது. முன் அனுமதி, பதிவு, பிணைத் தொகை எல்லாம் அதில் உண்டு. நடத்துபவரின் கமிஷன் 5 சதவீதமாக இருந்ததை 2021 திருத்தம் 7 ஆக்கியது; தனிநபர் நடத்தும் சீட்டின் உச்சவரம்பை 1 லட்சத்திலிருந்து 3 லட்சமாக உயர்த்தியது. பதிவு பெற்ற சீட்டில் சேருகிறவருக்குப் புகார் சொல்ல ஓர் இடம் இருக்கிறது, அது பெரிய விஷயம். ஆனால் மூலச் சட்டம் விலக்களித்தது 100 ரூபாய்க்கு மேற்படாத சீட்டுக்கு மட்டுமே. அந்த அளவுகோலில், பதிவு செய்யாத அம்மாவின் சீட்டும் சட்டத்துக்குப் புறம்பானதுதான். தெருச் சீட்டையும் ஊரை ஏமாற்றும் சீட்டையும் ஒரே தராசில் வைக்கும் சட்டம், இரண்டில் எது ஆபத்து என்று மக்களுக்குச் சொல்லித் தருவதில்லை.

நோட்டைக் கூட்டத்தின் நடுவே வைத்தது மகளிர் சுய உதவிக் குழு. 1989இல் தருமபுரியில் தொடங்கி, 1992இல் நபார்டு என்னும் ஊரக வளர்ச்சி வங்கியின் முயற்சியில் குழுக்களுக்கு வங்கி இணைப்பு வந்து, 1997 முதல் மகளிர் திட்டமாகத் தமிழகம் முழுக்கப் பரவியது. சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் குப்பத்துக்குக் குப்பம் குழுக்கள். வாரா வாரம் கூட்டம், தீர்மானப் பதிவேடு, சேமிப்பு, உள்கடன், வசூல். தலைக்கட்டில் பேர் இல்லாத பெண்ணுக்குத் தன் பேரில் ஒரு கணக்கும் கையெழுத்துக்கு ஒரு மதிப்பும் இதில்தான் முதலில் கிடைத்தது. விதவை இங்கே பாதி ஆள் இல்லை. எனக்குத் தெரிந்த வரையில், இந்த ஊர்களில் கடந்த முப்பது ஆண்டுகளில் எண்ணும் முறையை மாற்றியது இது ஒன்றுதான்.

அந்த வெற்றியைப் பார்த்துக்கொண்டே வந்தவர்கள்தான் நுண்கடன் நிறுவனங்கள். அங்கேயும் குழு, அங்கேயும் வாரக் கூட்டம், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும். சீட்டில் ஒருவர் தள்ளிய பணம் கசராக நமக்கே திரும்புகிறது. குழுவின் உள்கடன் வட்டியும் குழுவின் கணக்கிலேயே ஏறுகிறது. நுண்கடனின் வட்டி ஊரைவிட்டுப் போகிறது, ஆனால் வசூலிக்க ஊரின் வெட்கத்தையே பயன்படுத்துகிறார்கள். பணம் வரும்வரை வீட்டு வாசலில் மற்ற பெண்களையும் உட்கார வைப்பது இங்கே எல்லோரும் பார்த்த காட்சி. தண்டல் என்ற சொல்லுக்கு நேர்ந்ததும் இதுதான். பொதுப் பணத்தைத் திரட்டுவதற்கு இருந்த சொல், இன்று கடைத்தெருவில் தினமும் வந்து நிற்கும் வட்டிக்காரரைக் குறிக்கிறது. கடன் வசூலில் வற்புறுத்தலைத் தண்டிக்கத் தமிழக அரசு 2025இல் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. அது தேவையான சட்டம்.

இத்தனை நேரம் பங்கு, கணக்கு என்று பேசினேன். இந்த மாவட்டத்தின் பழைய கூட்டுக் காரியம் ஒன்றில் யாருக்கும் பங்கும் விதிக்கப்படவில்லை, கட்டாயமும் இல்லை. 1867 மே 23 அன்று வள்ளலார் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் அதற்காக 80 காணி நிலம் கொடுத்தார்கள். ஒரு ஜமீன்தார் கொடுத்த நிலம் இல்லை என்பதைக் கவனியுங்கள், ஊரார் கொடுத்தது. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது, பசித்து வந்தவர் யாரென்று கேட்காமல் சோறு போடுகிறது. தாது வருடப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடியது அதற்குப் பத்தாண்டு கழித்து. தொடங்கியவர் 1874இல் சித்தி அடைந்துவிட்டார். அடுப்பு நிற்கவில்லை. தைப்பூசம் நெருங்கினால் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து அரிசி மூட்டையும் காய்கறியும் வண்டி வண்டியாக வரும். பண்ணுருட்டிப் பக்கத்திலிருந்து வருகிறவர் தன் கொல்லையில் விளைந்ததைக் கொண்டுவருவார்.

வரிப் பட்டியலே இல்லாமல் இது எப்படி 150 ஆண்டைத் தாண்டியது? எனக்குத் தோன்றுவது இது: காலையில் வந்த அரிசி மதியம் இலையில் இருக்கிறது. கொடுத்தவர் பந்தியில் போய் உட்கார்ந்தாலே கணக்குப் பார்த்ததுபோல. கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் பணம் போகும்போதுதான் நோட்டும் கூட்டமும் தேவைப்படுகின்றன. பிடி அரிசியும் அப்படிப்பட்டதுதான். உலை வைக்கும்போது ஒரு பிடியைத் தனிப் பானையில் போடுவது; வாரம் ஒருமுறை ஒருவர் வந்து வாங்கிப் போவார். விருதுநகரில் வியாபாரிகள் பொதுக் காரியத்துக்கென்று ஒதுக்கும் மகமையும் வீடுகளின் பிடி அரிசியும் சேர்ந்து பள்ளிக்கூடமே நடத்தின. காமராசர் படித்த பள்ளி அது. அவர் முதல்வரான பிறகு 1956இல் தொடங்கிய மதிய உணவும் ஊராரின் பங்கை நம்பித்தான் அடியெடுத்து வைத்தது.

புதுச்சேரிக்குப் போனால் ஏரிகளின் கதை இருக்கிறது. புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள். ஊசுடு பெரியது, அடுத்து வாகூர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் இவற்றை விவசாயிகளின் அமைப்புகளே பராமரித்தன. இரண்டு பெரிய ஏரிகளுக்குச் சிந்திகா அக்ரிகோல் என்ற விவசாயச் சங்கம், மற்றவற்றுக்குக் கேஸ் கொம்யூன். இரண்டாவதன் பொருள் பொதுப் பெட்டி என்பதுதான். ஏரி நீர் பாயும் ஆயக்கட்டில் எவ்வளவு நிலமோ அவ்வளவுக்குப் பணம். அந்தப் பணத்தில் மதகு, கரை, வாய்க்கால் எல்லாம் பழுது பார்ப்பார்கள். ஏரி மீனையும் கரை மரத்தையும் ஏலம் விட்ட வருமானமும் பெட்டியில் விழும். 1954இல் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்த பிறகு இந்த அமைப்புகள் மெல்ல மெல்லத் தேய்ந்தன. வேலை பொதுப்பணித்துறைக்கும் கொம்யூன் பஞ்சாயத்துக்கும் போனது. அதே காலத்தில் வசதியுள்ள விவசாயிகள் ஆழ்குழாய்க் கிணறு போட்டுக்கொண்டார்கள். தன் நிலத்தில் மோட்டார் ஓடுகிறவனுக்கு மதகு உடைந்தால் என்ன? பெட்டிக்குப் பணம் போடும் காரணமே அவனுக்குப் போய்விட்டது. அவன் விலகியதும், விலக முடியாத சிறு விவசாயியின் காசு மட்டும் மிஞ்சியது. அது மதகுக்குப் போதவில்லை. 1999இல் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கியபோது, ஏரிக்கு ஏரி மறுபடியும் சங்கம் அமைக்க வேண்டியிருந்தது. இருந்ததைக் கலைத்துவிட்டு நாற்பது ஆண்டு கழித்துத் திரும்பக் கட்டினார்கள்.

பொதுப் பெட்டியில் வசதியானவனுக்கும் தேவை இருக்க வேண்டும் என்பது இங்கே தெரிகிறது. தலைக்கட்டில் விசைப்படகுக்காரன் ஏன் விலகுவதில்லை? அவன் படகும் ஒரு நாள் காணாமல்போகலாம், தேடப் போக ஊர் வேண்டும். கடல் அவனை விட்டுவைப்பதில்லை. ஆழ்குழாய் போட்டவனை ஏரி விட்டுவிட்டது.

அரசு இப்போது மக்கள் பங்கைக் கேட்கிறது. தமிழகத்தின் 'நமக்கு நாமே' திட்டத்தில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு ஊரார் தர வேண்டும், மிச்சம் அரசு. நல்ல ஏற்பாடு, ஆனால் மூன்றில் ஒரு பங்கைப் புரட்ட முடிந்த ஊருக்குத்தான் நல்லது. பள்ளிக்குத் தாம்பாளத்தில் நாற்காலி, மின்விசிறி, நோட்டு என்று மேளத்தோடு கொண்டுபோய்க் கொடுக்கும் கல்விச் சீர் எனக்கு இன்னும் பிடித்தது. தாய்மாமன் சீர் கொண்டுபோவது போல ஊரே மாமனாகிறது. எதைக் கொடுத்தோம் என்பதும் தெருவே பார்க்கத் தாம்பாளத்தில் இருக்கிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரு நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரின் தாழ்வான பகுதிகளை மூழ்கடித்தது. 2011இல் ‘தானே’ புயல், 2015இல் வெள்ளம் என்று எங்களுக்கு அனுபவம் உண்டு. நெடுஞ்சாலை ஓரத்து ஊருக்கு மூன்று லாரி வரும், இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் ஊருக்கு ஒன்றும் வராது என்பதை 2015இல் பார்த்திருந்தோம். அதனால் இந்த முறை எங்கள் தெருவில் முதலில் செய்தது பணம் திரட்டுவது இல்லை, பேர் எழுதுவது. வாடகைக்கு இருப்பவர்கள், தனியாக இருக்கும் பாட்டிகள், ஆற்றங்கரைக் குடிசைகள் எல்லாவற்றையும் எழுதினோம். பிறகுதான் வீட்டுக்கு 200 ரூபாய் என்று வைத்தோம். கூகுள் பேயில் பாதி, கையில் பாதி. அரிசி, பால் பவுடர், மெழுகுவர்த்தி, நாப்கின், ஒரு நாள் வாடகைக்கு மோட்டார். ரசீதுகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டோம். "பால் பவுடர் ஏன் ரெண்டு கடையில வாங்கினீங்க?" என்று ஒருவர் கேட்டார். முதல் கடையில் தீர்ந்துவிட்டது என்று பதில் சொன்னோம்.

கடைசியில் 1,140 ரூபாய் மீந்தது. திருப்பிக் கொடுப்பதா, அடுத்த மழைக்கு வைப்பதா என்று அரை மணி நேரம் பேச்சு. வைப்பது என்று முடிவானது. அம்மாவின் பழைய நோட்டில் கடைசிப் பக்கங்கள் காலியாக இருந்தன. அதில் ஒன்றில் தேதி போட்டு, நீல மையில், கையிருப்பு 1,140 என்று எழுதி, கீழே மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். மூவரில் ஒருவர் எதிர்வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும், கணவனை இழந்த அக்கா. நோட்டு இப்போது அவரிடம்தான் இருக்கிறது.